ரேடியோக்காரனின் வலது கை

தர மாட்டேன் என்று சொல்லிவிட வேண்டும். முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும், வா என்று கூப்பிடுவதற்கு முன்னால், அவன் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால். ஆனால் பெங்களூரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்திவைத்து அப்படிச் சொல்ல முடியுமா, வயிற்றில் ரயில் காபியைத் தவிர ஒன்றும் இருக்காது, முகம் வாடிப் போயிருக்கும், சரி, சாப்பிட்ட பிறகு சொல்லலாம். சாப்பிட்ட பிறகு என்றால் எனக்கு வாயில் வராது. எனக்கு என்னைத் தெரியும். கையைத் துடைத்துக்கொண்டு, ஷோகேஸைத் திறந்து, நானே எடுத்து அவன் கையில் கொடுத்து, ஸ்க்ரூ டிரைவர் வேண்டுமா என்றுகூடக் கேட்டுவிடுவேன். மீனுக்கு உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறும்போதே ஷோகேஸில் நிற்கிற பொம்மையின் வலது கை என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று தோன்றுகிறது, அர்த்தமில்லாத யோசனை, கை எப்படிப் பார்க்கும். ஊரில் இதைச் சீலா என்போம், இங்கே வஞ்சிரம். மீன்காரர் வழக்கம்போல நடுத்துண்டுகளைத் தனியாக வைத்துக் கொடுத்தார், "பையன் வர்றானாம்மா?" என்று கேட்டார். நான் வஞ்சிரம் வாங்கினால் அவருக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற நாளில் எங்கள் இரண்டு பேருக்கு நெத்திலிதான். புளி அதிகமாகக் கரைத்துவிட்டேனோ. அவனுக்குப் போன மாதம் பிரஷர் என்று மருமகள் சொன்னாள், உப்பைக் குறைக்க வேண்டும், உப்பைக் குறைத்தால் புளி தூக்கலாகத் தெரியும், புளி தூக்கலானால் சித்தி கை மாறிவிட்டது என்பான். அவன் அம்மா, என் அக்கா, வைத்த குழம்பு அவனுக்கு ஞாபகமே இருக்காது. நாலு வயதில் என்ன ஞாபகம். அவனுக்குக் குழம்பு என்றால் அது என் குழம்புதான். இது ஒன்று என்னுடையது.

போன் விளக்கு மின்னுகிறது. கையெல்லாம் மஞ்சள், புறங்கையால் தள்ளிப் பார்க்கிறேன். "லோக்கல் ஏறிட்டேன் சித்தி." சென்ட்ரலில் ஏறிவிட்டான். இனி பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, பெரம்பூர், ஒவ்வொன்றாக வந்துகொண்டிருப்பான். ஞாயிற்றுக்கிழமை, உட்கார இடம் கிடைத்திருக்கும். படிக்கட்டு ஓரமாக நிற்காதே என்று எழுதலாமா, முப்பத்தெட்டு வயது ஆளுக்கு. எழுதவில்லை. மடியில் அந்தப் பெட்டியை வைத்திருப்பான். பஞ்சு வைத்து, அதற்குள் அக்கா வாங்கிக் கொடுத்த ரேடியோக்காரனைப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற மாதிரி கொண்டுவருகிறான். நான்தான் அவனை ரேடியோக்காரன் என்கிறேன், அட்டையில் ஏதோ இங்கிலீஷ் பெயர் இருக்கிறது, படை, பதவி, பிறந்த ஊர் எல்லாம் இருக்கிறது, எழுத்துக் கூட்டினால் படித்துவிடுவேன், ஆனால் முதுகில் ரேடியோப் பெட்டியைச் சுமந்துகொண்டு ஒரு கம்பியை வானத்துக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறவனுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் என்ன இருக்கிறது. உள்ளங்கை நீளம்தான் இருப்பான். முழங்கை மடங்கும், முழங்கால் மடங்கும், இடுப்பு திரும்பும். பச்சை உடுப்பு, இரும்புத் தொப்பி. கையில் துப்பாக்கியைச் செருகலாம், செருகத் தெரிந்தால். தெரியாமல் அழுத்தினால் கட்டைவிரல் போய்விடும். உலகம் முழுக்க இந்தப் பொம்மைகளுக்குக் கட்டைவிரல்தான் போகிறது என்று பொம்மை சேகரிக்கிறவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சொல்கிறார்கள். அவனுடைய ரேடியோக்காரனுக்கும் வலது கட்டைவிரல்தான் போனது, அக்காவின் பதினாறாம் நாள் விசேஷத்தன்று. வீடு நிறைய ஆட்கள், பந்தி நடந்துகொண்டிருந்தது, பின்கட்டில் தனியாக உட்கார்ந்து துப்பாக்கியை அழுத்திக்கொண்டிருந்தான். அம்மாவைத் தூக்கிக்கொண்டு போனபோது அழாத பிள்ளை அந்தக் கட்டைவிரலுக்கு அழுதான். அப்படி ஒரு அழுகை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். நான் எச்சில் இலைகளுக்கு நடுவே விளக்குமாற்றை வைத்துக்கொண்டு தேடினேன், அரிசி அளவு பச்சைப் பிளாஸ்டிக், கிடைக்கவில்லை. யார் காலோடோ போயிருக்கும். அந்த விரலுக்குத்தான் இன்றைக்கு வருகிறான். அதை நினைத்தால் எப்படி இல்லை என்று சொல்வது. சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்காக அழலாம், அழுதுகொண்டே இல்லை என்று சொல்லலாம், இரண்டும் ஒரே வாயில் வராதா என்ன.

குக்கரை வைத்துவிட்டேன். தப்பு என்னுடையதுதான், போனிலேயே சொல்லியிருக்கலாம். இவர் செய்த வேலை முதலில். தியாகுவோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவர் சும்மா இருக்காமல், "உங்க சித்தி பட்டாளத்தைப் பாருடா" என்று போனை ஷோகேஸ் பக்கம் திருப்பிவிட்டார். ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லாவற்றுக்கும் பட்டாளம்தான், படைதான், என்னைக்கூட சுபேதார் என்று கூப்பிடுவார், சந்தோஷமாக இருந்தால். தியாகு சிரித்தான். "என்ன சித்தி, எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்றான். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மூணாவது தட்டுல, கோடு போட்ட உடுப்பு, அவன் ரேடியோதானே? வெர்ஷன் டூ தானே? கை நல்லா இருக்கா, கிட்ட காமிங்க" என்றான். இவர் கிட்டே கொண்டுபோனார். மறுநாள் போன். பழைய அச்சில் வார்த்த கையும் புது அச்சில் வார்த்த கையும் ஒன்றேதானாம், கம்பெனிக்காரன் கைக்குப் புது அச்சு போடாமல் பழையதிலேயே வார்த்து வேறு சாயம் அடித்துவிட்டானாம், சாயத்தைக் கரைத்துப் பச்சை அடித்தால் யாருக்கும் தெரியாதாம். மார்ச்சில் பெங்களூரில் சேகரிக்கிறவர்கள் எல்லாரும் கூடுகிறார்களாம். "அம்மா வாங்கிக் குடுத்தது சித்தி. அது ஒண்ணாவது முழுசா இருக்கணும். ஞாயித்துக்கிழமை வர்றேன்." நான், "வா, வந்து சாப்பிட்டுப் போ" என்றேன். வா என்றதைச் சரி என்று எடுத்துக்கொண்டான். எங்கள் வீட்டில் நான் சொல்கிற எதுவும் சரி என்றுதான் போய்ச் சேரும். சும்மா இருந்தாலும் சரிதான். இருமினாலும் சரிதான்.

டோனர் என்கிறார்கள் அந்தக் குழுவில். முதலில் கேட்டபோது கிட்னி கொடுக்கிறவர்கள் ஞாபகம் வந்தது. ஏதோ சீரியஸ் கேஸ் போலிருக்கிறது என்று பயந்துவிட்டேன். அப்புறம்தான் புரிந்தது, பழைய ஒரிஜினல் சிப்பாய்க்குக் கை போனால், இடுப்பு போனால், அதே ஆளின் பிந்தின மாடலை வாங்கி, முதுகு ஸ்க்ரூவைக் கழற்றி, வேண்டிய உறுப்பை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போடுவது. அந்தப் பிந்தின மாடலுக்குத்தான் டோனர் என்று பெயர். யாரும் அதைச் சேர்ப்பதில்லை. ஒரிஜினலுக்கு அடித்துக்கொள்வார்கள், கீறல் விழுந்ததற்கும்கூட. இது புதிதாக, பெட்டியோடு, விரல் நகம்கூடச் சிதையாமல் கிடந்தாலும், "ஆன்ட்டி, அது ஸ்பேருக்குத்தான் ஆகும்" என்பார்கள். நான் குழுவில் ஒரு படம் போட்டால் ஒருத்தன் கத்தரிக்கோல் படம் போடுவான், இன்னொருத்தன் கண்ணீர் விட்டுச் சிரிப்பான். போடட்டும். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ரோட்டோரம் சாக்கை விரித்து உட்கார்ந்திருப்பாரே அன்வர் பாய், பழைய சார்ஜர், ரிமோட், உடைந்த கார் பொம்மை எல்லாம் மலையாகக் குவித்துவைத்துக்கொண்டு, அவரிடம்தான் நான் முதலில் பார்த்தேன், கையில்லாமல், காலில்லாமல், வெறும் மார்பும் தலையுமாக ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய. எல்லாம் பிந்தின மாடல். தலை மட்டும் எல்லாருக்கும் இருந்தது, அந்தத் தலையை ஒருத்தரும் கேட்பதில்லையாம். "நம்ம ஆளுங்க கை காலை உருவிட்டு இங்கயே போட்டுட்டுப் போயிடுவாங்கம்மா, நீங்க என்ன, தலையை வாங்கறீங்க?" என்று பாய் கேட்டார். அந்த முகங்களைப் பார்த்தேன். நல்ல முகங்கள். ஒவ்வொருத்தனுக்கும் புருவம் வரைந்திருந்தார்கள். கீழே எதுவும் இல்லை என்பது தெரியாமல் எல்லாரும் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு எனக்குத் தலை சுற்றியது, வெயில்தான், பல்லாவரம் வெயில், பாய் தண்ணீர் பாட்டில் கொடுத்தார்.

குக்கர் விசில். அதற்கே உடம்பு தூக்கிப் போடுகிறது, இத்தனை வருஷமாகியும். அணைக்கட்டுமா, இன்னொன்று வரட்டுமா. வரட்டும், அவனுக்குச் சாதம் குழைந்திருக்க வேண்டும். வில்லிவாக்கம் தாண்டியிருப்பான். நான் இந்த வீட்டுக்கு ஒத்தாசைக்கு வந்தவள். தென்காசியிலிருந்து, அக்காவுக்குப் பிரசவம் ஆகி உடம்பு தேறாமல் போனபோது, ஒன்பதாம் வகுப்புப் பாதியில். இரண்டு மாதம் என்று சொல்லித்தான் அப்பா அனுப்பினார், பையில் புவியியல் புத்தகமும் பாதி வரைந்த படமும்கூட இருந்தது, கோதாவரி வரைக்கும் வரைந்திருந்தேன், கிருஷ்ணாவும் காவிரியும் பாக்கி. வந்து வரைந்துகொள்ளலாம் என்று நினைத்தேன். அக்கா தேறுவாள், விழுவாள், தேறுவாள். எனக்குப் பதினெட்டு முடிந்த வருஷம் போய்விட்டாள். அப்பாவும் அக்காவின் மாமியாரான அத்தையும் வாசலில் நின்று என்னமோ பேசினார்கள், அப்புறம் உள்ளே வந்து, "பிள்ளை உங்கிட்டதான் ஒட்டிக்கிட்டு இருக்கு உலகு" என்றார் அப்பா. அதுதான் பெண் கேட்டது. யாரும் கொடுமை செய்யவில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். இவர் நல்ல மனிதர். அன்றும் அத்தான், இன்றும் அத்தான், கூப்பிடுகிற பெயரைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. அக்காவின் புடவைகளைக் கட்டினேன், ரவிக்கையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டேன், அவள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பாள். அத்தை என்னைக் கோமதி என்று கூப்பிடுவார். வேண்டுமென்று இல்லை, வாய்ப் பழக்கம், நாலைந்து தடவைக்கு ஒரு தடவை உலகு என்று திருத்திக்கொள்வார், வயதானபின் திருத்துவதையும் விட்டுவிட்டார், கோமதி பால் கொண்டு வா, கோமதி மாத்திரை எங்கே. நானும் கோமதியாகவே ம் என்பேன். உடனே எங்களுக்கென்று ஒன்று வேண்டாம், இவன் கொஞ்சம் பெரியவனாகட்டும், மனசு கோணிவிடும் என்றார் அத்தை. இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். இவன் பெரியவனானான். அதற்குள் டாக்டரம்மா, இனிமேல் கஷ்டம் என்று சொல்லிவிட்டார், ரொம்ப அன்பாகத்தான் சொன்னார், தோளில் கைவைத்து. வெளியே வந்து பஸ்ஸுக்கு நின்றபோது இவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க வேண்டும் என்று ஞாபகம் வந்து வாங்கிக்கொண்டு வந்தேன். இரண்டாவது விசில். அணைத்துவிட்டேன்.

யோசனை எங்கே சுற்றினாலும் அந்த ஒரு கேள்வியில் வந்து இடிக்கிறது. எங்கே வாங்கினீர்கள் சித்தி என்று கேட்பான். கேட்காமல் இருக்க மாட்டான், சேகரிக்கிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது அதுதான், நானே கேட்பேன். பாயிடம் என்று சொல்லிவிடலாம். மற்றவர்கள் எல்லாரும் பாயிடம்தானே, தண்ணீரில் இறங்குகிறவன், பனிக்காட்டுக்காரன், கண்ணிவெடி எடுக்கிறவன், எல்லாரும் பிந்தின மாடல், எல்லாரும் முழுசு, உருவுவதற்கு முன்னால் நான் போய் எடுத்தவர்கள், விடியற்காலை முதல் ரயிலில் போய்ப் பாய் சாக்கை விரிக்கும்போதே பக்கத்தில் நின்று எடுத்தவர்கள். ஆனால் என் ரேடியோக்காரன் பாயிடம் வாங்கினவன் இல்லை. அவனை நான் அம்பத்தூரில் ஒரு பொம்மைக் கடையில் வாங்கினேன், தியாகுவுக்காக, அவன் ஒன்றாம் வகுப்பு சேர்ந்த வருஷம். ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக் கொடுத்துச் சேர்த்த காசு, அத்தானிடம் கேட்கவில்லை, என் பணத்தில் வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு வீம்பு. பச்சை உடுப்பு கேட்டேன். "அது இப்ப வர்றதில்லம்மா, அதே ஆள்தான், புதுசா விட்டிருக்கான், இதைப் பாருங்க" என்று கடைக்காரர் எடுத்துக் காட்டினார். மணல் நிற உடுப்பு, புலிக்கோடு, இரும்புத் தொப்பிக்குப் பதிலாகத் துணித்தொப்பி, ரேடியோ சின்னதாகிவிட்டது, முகம்கூடக் கொஞ்சம் மாறித்தான் இருந்தது, தாடை அகலம். ஆனால் கட்டைவிரல் இருந்தது. இரண்டு கையிலும் இருந்தது. அதைத்தான் நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்து அவன் கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் வைத்தேன். கண்ணைத் திறந்தான். பார்த்தான். திருப்பிப் பார்த்தான். "இது அவன் இல்ல" என்றான். கோபமாகக்கூட இல்லை, கணக்கில் தப்பு சொல்கிற மாதிரி. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு விளையாடப் போய்விட்டான். நான் குனிந்து எடுக்கவில்லை. ஒரு வாரம் பெருக்கும்போதெல்லாம் அவனைச் சுற்றிப் பெருக்கினேன். அப்புறம் எடுத்துத் துடைத்து, என் துணிகளுக்கு நடுவே வைத்தேன். அதற்கப்புறம் பரணுக்குப் போயிருக்கிறான். வீட்டுக்கு வெள்ளையடித்தபோதுதான் கிடைத்தான், கையில் எடுத்ததும் இடுப்போடு இரண்டாகப் பிரிந்துவிட்டான், உள்ளே காலையும் மார்பையும் இழுத்துப் பிடிக்கிற ரப்பர் வளையம் மக்கிப் போயிருந்தது. அந்த ரப்பரைத் தேடித்தான் முதன்முதலில் பல்லாவரம் போனேன். இதைச் சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் அது என்னுடையதுதானே சித்தி என்பான். நியாயம்தானே. அவனுக்கு வாங்கினதுதானே. அங்கேதான் நான் மாட்டிக்கொள்கிறேன், ஏழு நாளாக அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கிறேன், தோசை திருப்பும்போது, பல் தேய்க்கும்போது. பாயிடம் வாங்கினேன் என்று பொய் சொன்னால் இல்லை என்று சொல்வது சுலபம். உண்மையைச் சொன்னால் கையை மட்டும் இல்லை, ஆளையே கொடுக்க வேண்டிவரும். பொய் சொல்லலாமா. ரேடியோக்காரனை அனாதை மாதிரிச் சாக்கில் கிடந்தவன் என்று சொல்லலாமா. இவன் சாக்கில் கிடக்கவில்லை. இவனைக் கண்ணாடி அலமாரியிலிருந்து எடுத்து, தூசி தட்டி, பிள்ளைக்கு என்று சொல்லி வாங்கினேன். வேண்டாம். பொய் வேண்டாம்.

கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர். அந்தப் பொம்மைக் கடை இப்போது செல்போன் கடை. ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் அவன் அந்தத் தெரு முனையைப் பார்ப்பான், பார்த்தாலும் அவனுக்கு என்ன தெரியும். குழம்பு கொதித்துவிட்டது, மீனைப் போட வேண்டும், மீனைப் போட்டபின் கரண்டி போடக்கூடாது, சட்டியோடு ஆட்டிவிட வேண்டும். ஐந்து துண்டு வறுக்க எடுத்துவைத்திருக்கிறேன். நடுத்துண்டு அவனுக்கு இரண்டு, இவருக்கு ஒன்று, இன்னொன்று அவன் மறுபடி கேட்டால், வால் எனக்கு. எனக்கு வால்தான் பிடிக்கும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன், பல வருஷம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு ஷோகேஸ் முன்னால் போய் நிற்கிறேன். எல்லாரும் நிற்கிறார்கள். ஷோகேஸ் சாவியை ஒளித்துவைத்துவிட்டால் என்ன. தொலைந்துவிட்டது என்று சொல்லலாமே. சீ, அதுவும் பொய்தான், இன்னும் கேவலமான பொய். நானே திறந்து ரேடியோக்காரனை வெளியே எடுக்கிறேன். இடுப்பு இறுக்கமாக இருக்கிறது, நல்ல ரப்பர் போட்டிருக்கிறேன். கையைத் தூக்கிப் பார்க்கிறேன், இறக்கிப் பார்க்கிறேன். இந்தக் கையைக் கழற்றி அந்த விரல் போன கையை இவனுக்குப் போட்டால் இவனும் நிற்பான், இதே தட்டில்தான் நிற்பான். நின்றுகொண்டேதான் இருப்பான். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "என்ன சுபேதார், அணிவகுப்பா?" என்கிறார் இவர் டிவி முன்னாலிருந்து. "அத்தான், நான் இதைத் தரப்போறதில்ல" என்கிறேன். சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறேன், குரல் எப்படி இருக்கிறது என்று தெரிய வேண்டும். இவர் திரும்பிப் பார்க்கிறார். "அவங்கிட்ட இருக்கறது கோமதி வாங்கினதாச்சே உலகு, பாவம், பய ஆசைப்படறான்" என்கிறார். "அக்கா வாங்கினதை நான் கேக்கலையே அத்தான்" என்கிறேன். இவர் ரிமோட்டைத் தேடுகிறார். ரிமோட் அவர் மடியிலேயே இருக்கிறது. குரல் நடுங்கினது. பரவாயில்லை. நடுங்கிக்கொண்டே சொல்லக்கூடாது என்று சட்டமா இருக்கிறது.

மீனை எண்ணெயில் போட்டதும் அழைப்பு மணி. திருமுல்லைவாயல், அண்ணனூர் எல்லாம் எப்போது போனது. அடுப்பைக் குறைத்துவிட்டுப் போவதற்குள் இவர் திறந்துவிட்டார், "வாடா கர்னல்" என்கிறார். தியாகு இளைத்திருக்கிறான், காதுப் பக்கம் நரை. ஒரு கையில் மைசூர்பாக் டப்பா, இன்னொரு கையில் அந்தப் பெட்டி. "வாசம் கீழ கேட் வரைக்கும் வருது சித்தி" என்கிறான், செருப்பைக் கழற்றுகிறான், நான் சொல்ல வேண்டிய நேரம் போய்விட்டது, வா என்றும் சொல்லிவிட்டேன், உட்காரு என்றும் சொல்லிவிட்டேன். அவன் உட்காரவில்லை. நேராக ஷோகேஸுக்குப் போகிறான். ஒவ்வொரு தட்டாகப் பார்க்கிறான், விசிலடிக்கிறான். "எல்லாம் ஃபுல்லா இருக்கே. ஒருத்தன் கூட இப்படி வச்சிருக்க மாட்டான். எல்லாரும் பிரிச்சுடுவானுங்க" என்கிறான். உண்மையாகவே சொல்கிறான். அப்புறம் சாப்பாட்டு மேஜையில் பெட்டியைத் திறந்து, பஞ்சை விலக்கி, பச்சை உடுப்புக்காரனை நிறுத்துகிறான். சட்டைப்பையிலிருந்து சின்ன ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவன் பக்கத்தில் வைக்கிறான், கத்தி, முள்கரண்டி வைக்கிற மாதிரி ஒழுங்காக. "எங்க சித்தி நம்ம ஆளு?" நான் அப்போதுதான் கவனிக்கிறேன், ரேடியோக்காரன் என் இடது கையிலேயே இருக்கிறான், ஷோகேஸில் திருப்பி வைக்கவே இல்லை, மீன் போடும்போதும் கையில்தான் இருந்திருக்கிறான். "தியாகு, நான் இதைத் தர மாட்டேன்" என்கிறேன்.

அவன் சிரிக்கிறான். வேடிக்கை என்று நினைக்கிறான். "கை மட்டும்தான் சித்தி. இவனோட விரல் போன கையை உங்க ஆளுக்குப் போட்டுடறேன், மொட்டையா விட மாட்டேன். கண்ணாடிக்குள்ள நிக்கப் போறான், விரல் இருக்கா இல்லையான்னு யார் பாக்கப் போறா?" "நான் பாப்பேன்." அவன் சிரிப்பு பாதியில் நிற்கிறது. இவர் டிவியின் சத்தத்தைக் குறைக்கிறார். "என்ன சித்தி, அம்மா..." என்று ஆரம்பித்து நிறுத்துகிறான். நல்ல பிள்ளை, அதை முடிக்கவில்லை. முடித்திருந்தால் ஒருவேளை கொடுத்திருப்பேன். பிறகு, நான் பயந்த மாதிரியே, பேச்சை மாற்றுகிறவன் போல, "இது எங்க கிடைச்சுது உங்களுக்கு?" என்கிறான். "அம்பத்தூர்ல. உனக்கு வாங்கினது. நீ ஒண்ணாங்கிளாஸ் சேந்தப்ப." "எனக்கா?" "உனக்குத்தான். விரல் போச்சுன்னு அழுதியே, அதுக்காக." அவன் என் கையிலிருந்தவனைப் பார்க்கிறான், முகத்தில் தேடுகிறான், ஒன்றும் அகப்படவில்லை, அப்புறம் அவனுக்கே உரிய அந்த விளையாட்டுக் குரலில், "அப்ப இது என்னுதுதானே சித்தி" என்கிறான். வந்துவிட்டது. ஏழு நாளாக வழியில் நின்ற வார்த்தை வந்து எதிரில் நின்றுவிட்டது, அடுப்பில் மீன் தீய்கிற வாசம் வருகிறது, போகட்டும், ஒரு பக்கம் கருகட்டும். "உனக்கு வாங்கினதுதான். நீ வேணாம்னு கட்டிலுக்கு அடியில தள்ளிவிட்டே. அன்னியிலேர்ந்து இது என்னுது" என்கிறேன். குரல் நடுங்கவில்லை. நடுங்கும் என்று காத்திருந்தேன், நடுங்கவில்லை.

அவன் நாற்காலியை இழுத்து உட்காருகிறான். கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைக்கிறான். "நான் என்ன சொன்னேன்?" என்று கேட்கிறான். "எப்ப?" "தள்ளிவிட்டப்ப." "இது அவன் இல்லன்னு சொன்னே." இவர் என்னைப் பார்க்கிறார், அவனைப் பார்க்கிறார். "சரியாத்தான் சொன்னே" என்கிறேன், "அவன் இல்ல இவன்." ரேடியோக்காரனை மேஜையில், பச்சை உடுப்புக்காரனுக்குப் பக்கத்தில் நிறுத்துகிறேன். ஒருத்தனுக்கு விரல் இருக்கிறது, ஒருத்தனுக்கு இல்லை. தியாகு இரண்டு பேரையும் ரொம்ப நேரம் பார்க்கிறான், கையை நீட்டுகிறான், அவன் கை ஸ்க்ரூ டிரைவருக்குத்தான் போகிறது. அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறான். "பசிக்குது சித்தி" என்கிறான். நான் உள்ளே ஓடுகிறேன். ஒரு துண்டு கருகிவிட்டது, மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. மூன்று தட்டு வைக்கிறேன். பொம்மைகளை யாரும் நகர்த்தவில்லை, அவர்களைச் சுற்றியே சாதம் வைக்கிறேன், குழம்பு ஊற்றுகிறேன். நடுத்துண்டு ஒன்று தியாகுவுக்கு. ஒன்று அத்தானுக்கு. ஒன்றை எடுத்து என் தட்டில் வைத்துக்கொண்டு நானும் அவர்களோடு உட்காருகிறேன். வால் சட்டியிலேயே கிடக்கட்டும்.